என் அண்ணனுக்குப் புரையேறுவதும் நான் நினைப்பதும்

1

அயர்லாந்துக்கு வந்து பன்னிரண்டு வருடம் முடிந்ததைக் கொண்டாட எதிர்வீட்டு ஷிவோனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். கொண்டாட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சாதம், மிளகு ரசம், உருளைக்கிழங்கு வறுவல், முட்டைப் பொரியல். உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டால் இந்த ஊர்க்காரர்கள் வேறு எதையும் குறை சொல்ல மாட்டார்கள் என்பது பன்னிரண்டு வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான விஷயம்.

ஷிவோன் வறுவலைக் காலி செய்துவிட்டு ரசத்தை டம்ளரில் வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். அடுத்த நொடி முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டி, இருமத் தொடங்கினாள். நான் யோசிக்கவே இல்லை. எழுந்து போய் அவள் உச்சந்தலையில் தட்டினேன். "ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்ல, யாரோ நினைக்கிறாங்க" என்று தமிழிலேயே சொல்லிச் சொல்லித் தட்டினேன். அவள் என்னைவிட வயதில் மூத்தவள், ஆஸ்பத்திரியில் பெரிய பொறுப்பில் இருப்பவள். இந்த நாட்டில் விருந்தாளியின் தலையில் தட்டுவது எந்தச் சட்டத்தின்கீழ் வருமோ தெரியாது. என் மகள் ஹன்னா முகத்தை மேசைக்கு அடியில் கொண்டுபோன வேகத்தைப் பார்த்தால் ஏதோ ஒன்றின்கீழ் வரும் என்றுதான் தோன்றியது.

இருமல் அடங்கியதும் ஷிவோன், "எதற்காக என்னை அடித்தாய்?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

எங்கள் ஊரில் சாப்பிடும்போது புரையேறினால், எங்கோ தூரத்தில் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று அர்த்தம், அதற்குத் தலையில் தட்டுவது வழக்கம் என்று விளக்கினேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த நேரத்தில் தன்னை நினைக்கக்கூடியது வரி அலுவலகம் மட்டும்தான் என்றாள். நான் விட்டிருக்கலாம். விடவில்லை. பெருமை யாரை விட்டது? "எங்க அண்ணனுக்கு ஒவ்வொரு வேளையும் புரையேறும். நான் அவனை அவ்வளவு நினைக்கிறேன்" என்றேன்.

ஷிவோன் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒவ்வொரு வேளையுமா?" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் அவளுடைய வேலையே, நோயாளிகள் சாப்பாட்டைச் சரியாக விழுங்குகிறார்களா என்று பார்ப்பதுதான்.

2

என் அண்ணன் டேவிட்டுக்கு வயது நாற்பத்திரண்டு. பிறக்கும்போது மூளைக்குப் போதுமான ஆக்ஸிஜன் போகாததால் செரிப்ரல் பால்சி. பத்திரிகைத் தமிழில் பெருமூளை வாதம். புத்திக்கு ஒரு குறைவும் இல்லை, ஆண்டவர் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துவிட்டார். உடம்புதான் அவன் பேச்சைக் கேட்காது. கை ஒரு பக்கம் போகும், கால் இன்னொரு பக்கம் போகும், கழுத்து தன் பாட்டுக்கு வேடிக்கை பார்க்கும். தூங்கும் நேரம் தவிர உடம்பில் ஏதாவது ஒன்று ஆடிக்கொண்டே இருக்கும். பேச்சு குழறும். பழகியவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்கு இடது கை நடுவிரலை மடக்கி அந்த முட்டியால் போனில் தட்டிக் காட்டுவான்.

அந்த ஒற்றை முட்டியை வைத்துக்கொண்டுதான் ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக இருக்கிறான். தெருவில் யாருக்கும் பயப்படாதவர்கள்கூட அண்ணனுக்குப் பயப்படுவார்கள். ரோஜாப்பூ படத்தோடு குட்மார்னிங் அனுப்பினால் ஓர் எச்சரிக்கை. மறுநாளும் அனுப்பினால் வெளியே. எங்கள் சபைப் போதகரையே ஒருமுறை தூக்கிவிட்டான். அம்மா போய் மன்னிப்புக் கேட்டபிறகுதான் திரும்பச் சேர்த்தான். அம்மா மன்னிப்புக் கேட்டது போதகரிடம் இல்லை, அண்ணனிடம்.

அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். வீட்டில் அவளும் அண்ணனும்தான். கீழ்வீட்டில் அம்மாவின் தம்பி தங்கராஜ் மாமா. ஒரே வீட்டில் பிறந்தவர்கள்தான். அம்மா டீச்சரானதும் பேச்சைத் திருத்திக்கொண்டாள். மாமா பல்லாவரத்தில் தோல் கம்பெனிக்குப் போனதும் இருந்ததையும் விட்டுவிட்டார்.

இப்போது இருமல் கதைக்கு வருகிறேன். நான் விமானம் ஏறிய வருடத்திலிருந்தே, அண்ணனுக்குச் சாப்பாட்டில் புரையேறினால் அம்மா உடனே எனக்கு மெசேஜ் அனுப்புவாள். "இப்ப நினைச்சியா?" நான் வாகனம் தவறாக நிறுத்தியவர்களுக்குக் கடிதம் எழுதும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். யாரோ ஒருவர் ஆம்புலன்ஸ் பாதையில் காரை விட்டுவிட்டு, நாய்க்கு உடம்பு சரியில்லை என்று காரணம் எழுதியிருப்பார். அதைப் படித்துக்கொண்டே "ஆமாம்மா, இப்பதான் நினைச்சேன்" என்று பதில் போடுவேன். பொய்தான். ஆனால் இல்லை என்று எப்படிச் சொல்வது? அங்கே காலை இட்லி நேரத்தில் எனக்கு நல்ல தூக்கம். அதற்கும் அம்மா வழி வைத்திருந்தாள். கனவில் நினைத்திருப்பேனாம்.

மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. அவருடைய மகன் துபாயில் இருக்கிறான். "எல்லா இருமலும் ஒன் பொண்ணுக்கே போவுதா? என் புள்ள நினைக்க மாட்டானா?" என்று ஒரு நாள் சண்டைக்கே வந்துவிட்டார். கடைசியில் பகலில் வருவது எனக்கு, சாயங்கால டீயில் வருவது துபாய்க்கு என்று பங்கு பிரித்தார்கள். நான் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் கோபமும் வந்தது. அந்த டீ இருமல்தான் பலமான இருமல்.

3

ஷிவோன் கேள்விமேல் கேள்வி கேட்டாள். தண்ணீருக்கு இருமுகிறானா, கெட்டிச் சாப்பாட்டுக்கா? சாப்பிட எவ்வளவு நேரம் ஆகிறது? சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கேட்கிறதா? சளிக்காய்ச்சல் அடிக்கடி வருகிறதா? இளைத்திருக்கிறானா?

கடைசி இரண்டுக்கும் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. போன மழைக்காலத்தில் அண்ணன் நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மாவிடம், "இன்னும் இளைச்சார்னா வயித்துல டியூப் வைக்கிறதப் பத்திப் பேசவேண்டியிருக்கும்மா" என்று சொன்னார். டியூப் வைத்துக்கொண்டு நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு என்றும் சொன்னார். அண்ணன் அவருக்குத் தட்டிக் காட்டிய பதிலை அம்மா எனக்கு அனுப்பியிருந்தாள்: "பிரியாணிய டியூப்ல ஊத்துனா ருசி யாருக்கு? டியூபுக்கா?"

அண்ணனுக்கு வாழ்க்கையில் பிடித்தவை மூன்று. பிரியாணி, டீ, ஆட்களைக் குழுவிலிருந்து தூக்குவது. அதில் இரண்டு போய்விடும் என்றால் அவன் தாங்க மாட்டான். நானும் தாங்க மாட்டேன்.

அன்றே அம்மாவைக் கூப்பிட்டு, "அம்மா, அது நான் நினைக்கிறதால வர்ற இருமல் இல்ல. தண்ணி மூச்சுக்குழாய்க்குப் போகுது" என்றேன். அம்மா, "அப்ப நீ நினைக்கவே இல்லையா?" என்றாள். இதற்கு யாராவது பதில் சொல்லிப் பாருங்கள்.

லீவு கேட்கும் படிவத்தில் காரணம் எழுத வேண்டும். "அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை" என்று எழுதினேன். என் மேலதிகாரி கூப்பிட்டு, இது அவசரக் காரணம் ஆகுமா என்று தயங்கினார். எங்கள் ஊரில் இதைவிட அவசரம் எதுவும் இல்லை என்றேன். ஹன்னாவையும் கூட்டிப்போகலாம் என்று பார்த்தேன். அவளுக்குப் பள்ளியில் நாடகமாம். அதில் அவள் ஒரு மரம். டேவிட் மாமாவைவிட மரம் முக்கியமா என்று கேட்டதற்கு, ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டாள். அவளும் அண்ணனும் எனக்குத் தெரியாமல் தனியாகச் செய்தி பரிமாறிக்கொள்வது பிறகுதான் தெரிந்தது. அண்ணன், "மரமா நிக்கிறது கஷ்டம். என்னால அஞ்சு நிமிஷம்கூட முடியாது" என்று அவளுக்கு ஆதரவாக எழுதியிருந்தான்.

4

தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடர் என்று ஒன்று இருக்கிறது. நீர்த்த எதையும் சிலரால் கட்டுப்படுத்தி விழுங்க முடியாது. தொண்டை தயாராவதற்குள் அது ஓடிவிடும். கெட்டியாக்கினால் மெதுவாகப் போகும். முதலில் ஊரில் தன்னைப் போன்ற ஒரு தெரபிஸ்ட் பார்த்து அளவு சொல்லட்டும், பவுடரெல்லாம் அப்புறம் என்று ஷிவோன் படித்துப் படித்துச் சொன்னாள். கேட்பேனா? வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு போகும் பழக்கம் நமக்கு இல்லையே. பெட்டியில் பாதிக்கு டின்களை அடுக்கிவிட்டேன். மிச்சப் பாதியில் சாக்லேட்.

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தார். ஒரே மாதிரி டின்கள், உள்ளே வெள்ளைப் பொடி.

"என்னம்மா இது?"

"தண்ணியக் கெட்டியாக்குற பவுடர் சார்."

"தண்ணிய எதுக்குக் கெட்டியாக்கணும்?"

"எங்க அண்ணனுக்குத் தண்ணி வேகமாப் போகுது சார்."

"எங்க போகுது?"

விளக்கிப் பயனில்லை என்று, அவர் மேசையிலிருந்த டம்ளர் தண்ணீரிலேயே பொடியைப் போட்டுக் கலக்கிக் காட்டினேன். பதற்றத்தில் அளவு கூடிவிட்டது. டம்ளரைக் கவிழ்த்தார். தண்ணீர் விழவில்லை. திரும்ப நிமிர்த்தி, திரும்பக் கவிழ்த்தார். பக்கத்துக் கவுன்ட்டர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் பெட்டியை மூடிக் கொடுக்கும்போது அதிகாரி குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, இது எங்க வீட்டு சாம்பாருக்கு ஆகுமா?" என்று கேட்டார்.

மறுநாள் தலைவலி மாத்திரை வாங்க ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மெடிக்கலுக்குப் போனேன். என் டின்னுக்குத் தம்பி மாதிரி இருந்த டின்கள் அலமாரியில் வரிசையாக இருந்தன. "இது எப்பவும் ஸ்டாக் இருக்குக்கா" என்றார் கடைக்காரர். நான் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

5

அண்ணனை நேரில் பார்த்தபோது பகீரென்றது. வீடியோவில் முகம் மட்டும்தானே தெரியும். சட்டைக்குள் அவனைத் தேடவேண்டியிருந்தது. "என்ன பாக்குற? ஸ்லிம்மா இல்ல?" என்று தட்டிக் காட்டினான். நான் சிரித்துக்கொண்டே பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தெரபிஸ்ட், டயட்டீஷியன் இரண்டு பேரையும் பார்த்தோம். மாமாவும் கூட வந்தார். அவருக்குச் சர்க்கரை. கூட்டத்தோடு கூட்டமாகத் தனக்கும் இலவசமாக ஏதாவது கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு.

தெரபிஸ்ட் அண்ணனை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, சின்ன ஸ்பூனில் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார். ஒரு வாய் முழுதாக இறங்கும்வரை அடுத்ததைக் கொடுக்கக் கூடாது. சாப்பிட்டதும் படுக்கவைக்கக் கூடாது. தண்ணீர், டீ எல்லாம் கெட்டியாக. பிறகு ஒன்று சொன்னார். நீரும் பருக்கையும் கலந்ததுதான் இவருக்கு ரொம்ப ஆபத்து. நீர் முன்னால் ஓடிவிடும், பருக்கை வாயிலேயே நிற்கும்.

அம்மாவின் முகம் மாறிவிட்டது. நாற்பது வருடமாக, உடம்புக்கு நல்லது, எளிதாக இறங்கும் என்று அவள் அண்ணனுக்குக் கொடுத்துவந்ததே ரசம் சாதமும் தண்ணீர்விட்ட மோர் சாதமும்தான். "ரசம் சாதம் யாருக்காவது கெடுதல் பண்ணுமா?" என்று மெல்லக் கேட்டாள். "உங்களுக்குப் பண்ணாதும்மா. இவருக்குப் பண்ணும்" என்றார் தெரபிஸ்ட்.

டயட்டீஷியன் சின்னப் பெண். அண்ணனின் கையும் காலும் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார் உட்கார்ந்த இடத்துலயே ஓடிக்கிட்டிருக்கார். ஓடுறவர் சாப்பிடுற சாப்பாடு இவருக்கு வேணும்" என்றாள். எல்லாருக்கும் இப்படியில்லை, உடம்பு இறுகி அசையாமல் இருப்பவர்களுக்குக் குறைவாகவே போதும், ஆளைப் பார்த்துத்தான் அளவு என்றும் சொன்னாள். ஆனால் அண்ணன் சீக்கிரம் களைத்துவிடுவான், நிறைய ஸ்பூன் இறங்காது. எனவே ஒவ்வொரு ஸ்பூனிலும் எவ்வளவு சத்து ஏற்ற முடியுமோ ஏற்ற வேண்டும். தண்ணீர்க் கஞ்சி கூடாது. நெய், முட்டை, வேர்க்கடலை வெண்ணெய், பால்பவுடர் கலந்த சத்துமாவு, பன்னீர். எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் ரத்தம் பரிசோதித்துவிட்டு. மலச்சிக்கலுக்குக் கீரையும் பழமும் மசித்து, நாள் முழுக்க நிறையக் கெட்டித் தண்ணீர்.

அவள் நெய், நெய் என்று சொல்லச் சொல்ல மாமாவின் கழுத்து நீண்டுகொண்டே போனது. "எனக்கு இன்னாம்மா?" என்றார்.

"உங்களுக்கு நெய் கிடையாது சார். தினை, சாமை, காலையில நடை."

"இன்னாம்மா அநியாயமா கீது! உக்காந்துகினு கீறவனுக்கு நெய்யி, எனக்கு நடையா?"

அண்ணன் முட்டியால் தட்டி அவர் பக்கம் போனைத் திருப்பினான். "மாமா, நீங்களும் என்ன மாதிரி நாள் பூரா ஆடுங்க. நெய் தருவாங்க."

6

வீட்டில் சமையல் தலைகீழானது. ரசத்தைக் கெட்டியாக்கினோம். நன்றாகவே இல்லை. டீயைக் கெட்டியாக்கினோம். அண்ணன் ஒரு வாய் வாங்கி, கண்ணை மூடி, விழுங்கி, "டீ அல்வா" என்று தீர்ப்பு எழுதினான். ஆனால் இருமவில்லை. இரண்டாம் வாய்க்கும் இருமவில்லை. மாமாவுக்குத்தான் வருத்தம். துபாயின் இருமல் போய்விட்டதே.

ஆனால் ஒன்று பிடிபடவில்லை. இருமல் போய்விட்டது, நெய் வந்துவிட்டது, இரண்டு வாரமாகியும் அண்ணன் பாதிச் சாப்பாட்டிலேயே தலையைத் திருப்பிக்கொண்டான். "போதும்" என்பான். அம்மாவும் உடனே தட்டை எடுத்துவிடுவாள். தண்ணீரும் அப்படித்தான். நாலு ஸ்பூன், போதும். எடைபார்க்கப் போனால் முள் நகரவில்லை. டயட்டீஷியன் உதட்டைப் பிதுக்கினாள். எனக்குத் திரும்பிப் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. டியூப் என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. எல்லாரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வியாழக்கிழமை அம்மா பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். நான் ஊட்டினேன். நெய்யும் பருப்பும் போட்டு மசித்த சாதம், முட்டை. அண்ணன் முழுவதையும் சாப்பிட்டான். அடுப்பிலிருந்த மிச்சத்தையும் கொண்டுவந்தேன். அதையும் சாப்பிட்டான். ஒரு கோப்பை கெட்டித் தண்ணீரும் இறங்கியது. நான் வெறும் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏண்ணா, அம்மா ஊட்டுனா மட்டும் ஏன் பாதியில நிறுத்துற? என் கை அவ்வளவு ருசியா?" என்று கேட்டேன்.

நீண்ட நேரம் தட்டினான். முட்டி நழுவி நழுவி, அழித்து அழித்து எழுதினான்.

"நீ என்னத் தூக்கப் போறதில்லையே."

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கு, திரும்பக் கட்டிலுக்கு. அம்மாவின் இடுப்பு அவளுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று எனக்குத் தெரியாது. தினமும் அவள் தோளில் முகம் வைத்து எழுந்திருக்கும் அவனுக்குத் தெரியும். அதனால் குறைவாகத் தின்றான். பாத்ரூம் தடவை குறையட்டும் என்று குறைவாகக் குடித்தான். ஆளுக்கொரு மருந்து, பத்தியம், ஆராய்ச்சி என்று நாங்கள் அலைந்துகொண்டிருந்தபோது, அவன் பாட்டுக்கு ஒரு முடிவெடுத்து நடத்திக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "லூசாண்ணா நீ?" என்றேன். வேறு என்ன சொல்ல?

அம்மா வந்ததும் சொன்னேன். அவள் பைபிள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நின்றபடியே, "நானும்தான்" என்றாள்.

"என்னம்மா நீயும்தான்?"

"அந்தப் பொண்ணு சொன்ன நெய்ல பாதிதான் போடுறேன். எனக்கு எழுபது வயசு. அவன் இன்னும் கொஞ்சம் வெயிட் போட்டா என்னால தூக்க முடியாது. அப்புறம் யாரு தூக்குவா? அதுதான்..." பைபிள் பையை அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அண்ணனும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கழுத்து அவன் சொன்னபடி கேட்ட அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

7

ஆள் வைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வைத்தோம். முதல் ஆள் நாற்பத்திரண்டு வயது அண்ணனைப் பார்த்து "பாப்பா சமத்தா மம்மு சாப்பிடுமாம்" என்றார். அன்றே வெளியே. அடுத்தவர் குட்மார்னிங் அனுப்புகிறவர்.

தூக்குவதற்கு ஒரு கருவி வாங்கலாம் என்றேன். "நான் பாத்துக்கறேன்" என்று மாமா கிளம்பினார். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய், ஒரு குட்டியானை வண்டியில் ஏதோ ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். சங்கிலி, கொக்கி, கிரீஸ். மெக்கானிக் ஷெட்டில் இஞ்சினைத் தூக்கும் கிரேன்.

"லாரி இஞ்சினையே தூக்குமாம்மா. நம்ம டேவிட்ட தூக்காதா?"

"என் புள்ளைய நான் தூக்குவேன்! கொக்கி போட்டுத் தூக்க அவன் என்ன கண்டெய்னரா?" என்று அம்மா தெருவே கேட்கக் கத்தினாள். அண்ணனுக்கு மட்டும் அது பிடித்திருந்தது. கிரேனோடு ஒரு செல்ஃபி எடுக்கச் சொன்னான்.

கடைசியில் முறையான கருவி, துணித் தொட்டிலோடு, ஒரு சர்ஜிக்கல் கடையிலிருந்து வந்தது. இயக்கிக் காட்ட ஓர் ஊழியரும் வந்தார். அம்மா பிடிகொடுக்கவில்லை. "முதல்ல வேற யாரையாவது தூக்கிக் காட்டுங்க. அப்புறம் என் பையனத் தொடலாம்" என்றாள். மாமா உடனே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தொட்டிலில் ஏறினார். ஊழியர் பொத்தானை அழுத்தினார். மாமா மெல்ல மெல்ல எழும்பி, கால் தரையை விட்டு, கூடத்தின் நடுவில் அந்தரத்தில் நின்றார். "நல்லா கீதும்மா! ஊஞ்சலாட்டம் கீது!"

அந்த நேரம் பார்த்துத் தெருக் குழுவில் ஒரு செய்தி: யாரோ ஒருவருடைய வண்டி வாசலை அடைத்து நிற்கிறது, உடனே எடுக்காவிட்டால் காற்றைப் பிடுங்கிவிடுவோம். ஊழியரின் வண்டிதான். அவர் மாமாவை அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஓடினார். எந்தப் பொத்தானை அழுத்தினால் எது நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடமாக வண்டி தவறாக நிறுத்தியவர்களோடு மல்லுக்கட்டுகிறேன். ஒருவர்கூட இப்படியொரு நியாயமான காரணத்தை எழுதியதில்லை.

மாமா முதலில் டீ கேட்டார். பிறகு இறக்கச் சொன்னார். பிறகு ஆண்டவரைக் கூப்பிட்டார். அண்ணன் சிரித்த சிரிப்பில் நாற்காலியே நகர்ந்தது. சிரித்துக்கொண்டே எப்படித்தான் தட்டினானோ, மாமா தொங்கும் படம் தெருக் குழுவுக்குப் போய்விட்டது. கீழே ஒரு வரி: "குட்மார்னிங் அனுப்புபவர்களுக்கு இனி இதுதான்."

ஊழியர் வந்து மாமாவை இறக்கினார். அம்மாதான் அடுத்துப் பேசினாள். "பொறுமையா ஏத்துதே. குலுங்கலையே. எங்க, அந்தப் பட்டனை எனக்குக் காட்டுங்க."

8

நான் திரும்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து அம்மா பிரியாணி செய்தாள். அண்ணனுக்குக் கொத்துக்கறியில் தனியாக, குழைய வேகவைத்து, கெட்டிச் சால்னா விட்டு, ஒரே பதமாக மசித்து, மேலே நெய். முழு அளவு நெய். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

அம்மா தொட்டிலை மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள். அண்ணன் கட்டிலிலிருந்து எழும்பி, ராஜா மாதிரி கூடத்தைக் கடந்து வந்து, நாற்காலியில் இறங்கினான். அம்மா இடுப்பில் கையை வைக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. எதிரில் உட்கார்ந்து, அவன் தாடையைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டு, சின்ன ஸ்பூனில் ஊட்ட ஆரம்பித்தாள். ஒரு வாய், காத்திருப்பு, அடுத்த வாய். பாதித் தட்டு வந்தது. நானும் மாமாவும் எங்கள் தட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் தலையைத் திருப்பவில்லை. தட்டு காலியானது. அம்மா அவன் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

அண்ணன் போனைத் தேடவில்லை. வாயாலேயே, குழறலாக, ஆனால் சத்தமாகச் சொன்னான்.

"இன்னும்."

அம்மாவுக்கு விளங்கவில்லை. "என்னப்பா? தண்ணியா? பாத்ரூமா? கால் மடங்கியிருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவளுக்கு அந்த வார்த்தையில் பழக்கமில்லை. அண்ணன் கண்ணை உருட்டிவிட்டு, தட்டைப் பார்த்து, மறுபடி சொன்னான். "இன்னும். பிரியாணி."

அம்மா பானையைத் திறந்தாள். அவள் எப்போதும் அளந்து சமைப்பவள். பானையில் ஒன்றுமில்லை. ஒரு நொடிதான் நின்றாள். திரும்பி வந்து தன் தட்டை எடுத்தாள். மாமாவின் தட்டை எடுத்தாள். "சுகர்காரங்களுக்கு எதுக்கு?" என்றாள். என் தட்டையும் எடுத்தாள். அயர்லாந்திலிருந்து வந்திருக்கிறேன், நாளைக்குத் திரும்பப் போகிறேன், இந்தப் பிரியாணிக்கு ஒரு வருடமாகக் காத்திருந்தேன் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் மூன்று தட்டையும் மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே நெய் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் நானும் மாமாவும் அம்மாவும் பிரெட்டும் ஜாமும் சாப்பிட்டோம்.